சூடம் கரைத்த எண்ணெயும் பதினோரு மாதக் குழந்தையும்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓர் இளம் தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகனுக்குப் பதினோரு மாதம், எடை எட்டரைக் கிலோ. இரண்டு நாளாகச் சளி, மூக்கடைப்பு. பால் குடிக்கும்போது மூச்சு முட்டி, வாயை எடுத்துவிட்டு அழுகிறான். மூன்றாம் நாள் இரவு மாமியார் இரும்புக் கரண்டியில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, நாலைந்து சூடக் கட்டிகளைப் போட்டுக் கரைத்து, ஆறியதும் குழந்தையின் நெஞ்சு, முதுகு, உள்ளங்கால், மூக்கின் மேல் எல்லாம் தேய்த்திருக்கிறார். ஊட்டி போனபோது வாங்கிய நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் நனைத்துத் தொட்டில் கயிற்றிலும் கட்டிவிட்டார். அதே அறையில், இவர் இணையத்தில் வாங்கிய டிஃப்யூசரும் (வாசனை எண்ணெயைக் காற்றில் பரப்பும் கருவி) ஓடிக்கொண்டிருந்தது. மீதி எண்ணெய் இருந்த கிண்ணம் பாயின் ஓரத்தில் இருந்தது. இவர் அடுப்படிக்குப் போய்த் திரும்பும்போது குழந்தையின் கை கிண்ணத்தில் இருந்தது. விரல்களைச் சப்பிக்கொண்டும் இருந்திருக்கிறான்.

ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. இரண்டு மூன்று நிமிடம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு நின்றுவிட்டது. காய்ச்சல் 99.6 டிகிரி. ரத்தச் சர்க்கரையும் கால்சியமும் சரியாக இருந்தன. ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் வலிப்பாக இருக்கலாம்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எண்ணெய் விஷயத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. "சொன்னால் எல்லார் முன்னாலும் அத்தையைத் திட்டுவார்களோ என்று பயந்தேன்" என்கிறார்.

அவர் கேட்பது இவ்வளவு. இது எண்ணெயால் வந்ததா, காய்ச்சலால் வந்ததா? பையன் வலிப்பு நோயாளி ஆகிவிடுவானா? சூடம் கெமிக்கல், அதை விட்டுவிடலாம். டிஃப்யூசர் எண்ணெய் நூறு சதவீதம் இயற்கை என்று போட்டிருக்கிறதே, அதைத் தொடரலாம்தானே? லேபிளே இல்லாத அந்த ஊட்டி பாட்டிலைப் பற்றிப் புகார் கொடுக்க முடியுமா? கணவரோ, தைலம் காலங்காலமாகப் பயன்படுத்துவதுதானே என்கிறாராம். கடைசியாக ஒரு வரி: "அன்றிலிருந்து அத்தை குழந்தையைத் தூக்குவதே இல்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, பையன் நன்றாக இருக்கிறான் என்பதுதான். மறுநாள் காலையிலேயே தவழ்ந்தான், சிரித்தான், பால் குடித்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று நிமிடத்தில் தானாக நின்று, பிறகு முழுதாகத் தெளிந்த ஒரு வலிப்பு மூளையைக் கெடுத்துவிடாது. பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிடம் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவனுக்குள் எதையும் விட்டுவைத்துவிட்டுப் போகவில்லை.

எண்ணெயா, காய்ச்சலா?

காய்ச்சல் வலிப்பு என்பது ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வருவது. பையனின் வயது அதற்குப் பொருந்துகிறது. ஆனால் அதற்குக் காய்ச்சல் 100.4 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு வலிப்பு முதலில் வந்து, காய்ச்சல் பிறகு ஏறுவதும் உண்டு. அதனால் 99.6 என்ற ஒரு எண்ணை மட்டும் வைத்து அந்த மருத்துவர் எழுதியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் அன்று இரவும் மறுநாளும் காய்ச்சல் ஏறியதாகவே இல்லை. எண்ணெய் தேய்த்ததும் விரல் சப்பியதும் நடந்து அரை மணிக்குள் வலிப்பு வந்திருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், என் சந்தேகம் எண்ணெய்ப் பக்கம்தான் சாய்கிறது. உறுதியாகச் சொல்ல இப்போது வழி இல்லை. ரத்தத்தில் கற்பூரம் பார்க்கும் பரிசோதனை சாதாரண மருத்துவமனைகளில் கிடையாது. கிடைத்தாலும் இத்தனை நாளுக்குப் பிறகு பயனில்லை.

கற்பூரம் வலிப்பை உண்டாக்கும் என்பது மருத்துவத்தில் மிகப் பழைய செய்தி. மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்கிவைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கற்பூரம் அதன் வேலையைத் தடுப்பதாகக் கருதுகிறார்கள். கொழுப்பில் எளிதாகக் கரைவதால் வாய், மூக்கு, தோல் என்று எந்த வழியிலும் உள்ளே போய் மூளையை அடையும். விழுங்கினால் ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விளைவு தெரியும். வாந்தி, மயக்கம் என்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முதல் அறிகுறியே வலிப்பாக இருக்கலாம். குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். உள்ளே வந்த கற்பூரத்தை மாற்றி வெளியேற்ற வேண்டிய கல்லீரலும் அந்த வயதில் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கற்பூரம் வயிற்றுக்குள் போயிருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது நச்சு மருத்துவ மையங்கள் வைத்திருக்கும் எல்லை. எட்டரைக் கிலோ குழந்தைக்கு அது கால் கிராம். உங்கள் அத்தை போட்ட கட்டிகள் எல்லாம் சேர்த்து இரண்டு கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லி எண்ணெயில் 65 மில்லிகிராம் கற்பூரம். நாலு மில்லியில் அந்தக் கால் கிராம் வந்துவிடும். அது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. விரலைச் சப்பியதில் அவ்வளவு போயிருக்காதுதான். ஆனால் அன்று நெஞ்சிலும் முதுகிலும் காலிலும் அதே எண்ணெய், மூக்கின் மேல் அதே எண்ணெய், தொட்டிலில் நீலகிரித் தைலம், காற்றில் டிஃப்யூசர். எதிலிருந்து எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு கிராம் கற்பூரம் ஒரு சிறு குழந்தையின் உயிரையே எடுத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை, அந்தக் கிண்ணம் இனி பாய் ஓரத்தில் இருக்கக் கூடாது என்பதற்காக.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் இருபது சதவீதம் கற்பூரம் கலந்த எண்ணெயைக் குப்பியில் விற்றார்கள். விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து விபரீதம் ஆன சம்பவங்கள் தொடர்ந்ததால், 1982இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதை விற்பனையிலிருந்தே நீக்கியது. கடையில் விற்கும் மற்ற களிம்புகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. நம் வீடுகளில் கரண்டியில் காய்ச்சும் எண்ணெய்க்கு எந்த வரம்பும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு முறையும் அதன் வீரியம் வேறு.

"வலிப்பு நோயாளி ஆகிவிடுவானா" என்ற கேள்விக்கு வருகிறேன். எண்ணெய்தான் காரணம் என்றால், அந்த எண்ணெய் இனி அருகில் வராதவரை அந்தக் காரணத்தால் மறுபடி வராது. காய்ச்சல்தான் காரணம் என்றால், ஒரு வயதுக்குள் முதல் முறை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இன்னொரு முறை வரலாம். அப்படி வந்தாலும், இதுபோல் எளிதாக நின்றுவிடும் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் பின்னாளில் வலிப்பு நோய் வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். காய்ச்சல் வரும்போது கொடுக்கச் சொல்லி ஒரு மாத்திரை எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். என் பதிலைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். எண்ணெய் விஷயத்தை அந்த மருத்துவரிடமே சொல்லுங்கள். முழு விவரமும் தெரிந்த பிறகு அது தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும்.

இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கேட்க வேண்டியது மருத்துவர்களான எங்கள் வேலை. நானும் பல வருடம் கேட்காமல்தான் இருந்தேன். ஒருநாள் வலிப்பு நின்ற குழந்தை ஒன்றை எடை பார்க்கத் தூக்கியபோது, உச்சந்தலையிலிருந்து குப்பென்று சூட வாசனை வந்தது. பாட்டியைப் பார்த்தேன். அவர் முந்தானையால் குழந்தையின் தலையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து வலிப்பு என்று வரும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டாரிடமும், "என்ன தேய்த்தீர்கள், என்ன மோந்து பார்க்க வைத்தீர்கள்?" என்று கேட்கிறேன். பெங்களூரிலும் தென்னிந்தியாவின் வேறு ஊர்களிலும் உள்ள நரம்பியல் மருத்துவர்கள் பெரியவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். நீலகிரித் தைலமும் கற்பூரமும் கலந்த தைலங்களைத் தடவிய பிறகு வலிப்பு வந்தவர்கள் உண்டு. அவற்றை விட்டபின் வராமல் போனவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் யாராவது இருந்தால், அவருடைய தலைமாட்டில் இருக்கும் தைலத்தையும் ஒரு முறை பாருங்கள்.

டிஃப்யூசர் மட்டும் எப்படி நல்லது?

சூடம் கெமிக்கல், டிஃப்யூசர் எண்ணெய் இயற்கை என்று பிரித்திருக்கிறீர்கள். இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்பட முடியாது. கடையில் விற்கும் சூடம் பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பென்டைனைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவது, உண்மைதான். ஆனால் கற்பூர மரத்தைக் காய்ச்சி எடுத்த கற்பூரமும் அதே பொருள்தான். குழந்தையின் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பச்சைக் கற்பூரம் என்றால் பரவாயில்லையா என்று சிலர் கேட்பார்கள். சர்க்கரைப் பொங்கலில் அரிசி முனை அளவு போடுவது வேறு, சளிக்கு மருந்தாகக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பது வேறு. இரண்டாவது வேண்டாம்.

உங்கள் டிஃப்யூசர் குப்பியில் நீலகிரித் தைலம், புதினா எண்ணெய், ரோஸ்மேரி எண்ணெய் மூன்றும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் நீலகிரித் தைலமும் ரோஸ்மேரியும் வலிப்பைத் தூண்டக்கூடிய எண்ணெய்கள் என்று மருத்துவ நூல்களில் கற்பூரத்தோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டவை. அன்று இரவு உங்கள் அத்தை செய்ததையும் நீங்கள் செய்ததையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே அக்கறையோடு, ஒரே வகைப் பொருளைத்தான் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

நீலகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். பெரிய கொப்பரையில் யூகலிப்டஸ் இலையைக் காலால் மிதித்துத் திணிப்பார்கள். அடியில் விறகு எரியும். நீராவி இலைக்குள் புகுந்து எண்ணெயை இழுத்துக்கொண்டு குழாய் வழியாக வெளியே போய், தண்ணீரில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழும். நூறு கிலோ இலைக்குக் கிடைப்பது ஒரு கிலோ அளவு எண்ணெய்தான். ஒரு கொத்து இலையைக் கொதிக்கும் நீரில் போட்டு வேது பிடித்த நம் தாத்தாவும், குப்பியைத் திறந்து ஊற்றும் நாமும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. உங்கள் கணவர் "காலங்காலமாக" என்கிறாரே, அதற்கு என் பதில் இதுதான். இலை காலங்காலமாக இருக்கலாம். இந்த மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில்தான் நீலகிரிக்கு வந்தது.

அந்த எண்ணெயின் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். மூக்கைத் திறந்துவிட்டதுபோல இருப்பதற்கு அதுவும் புதினாவின் மென்தாலும் காரணம். உண்மையில் மென்தால் மூக்கின் வீக்கத்தைக் குறைப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது, நமக்குக் காற்று தாராளமாகப் போவதுபோலத் தோன்றுகிறது. பெரியவர்களுக்கு அந்த ஆறுதலே போதும். ஆனால் கைக்குழந்தையின் மூக்கில் மென்தால் பட்டால் குரல்வளை சட்டென்று இறுகி மூச்சே நின்றுபோகலாம். மூக்கடைப்புக் களிம்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று இருக்கும். அதில் கற்பூரம் ஐந்து சதவீதம் அளவில்தான். அத்தை காய்ச்சியது அதைவிட வீரியமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் இருக்கும் மற்ற குப்பிகள்

உங்கள் அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் வழக்கமாக இருப்பவற்றைச் சொல்கிறேன்.

நீலகிரித் தைலத்தைக் குழந்தை குடித்துவிட்டால் ஒரு டீஸ்பூன் அளவே ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளிவிடும். கிராம்பு எண்ணெய் பல் வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு வைப்பதற்கானது. பல் மருத்துவர்களே கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கிராம்பு எண்ணெயைக் குழந்தை விழுங்கிக் கல்லீரல் பழுதான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊட்டிக் கடைகளில் மூட்டு வலிக்கென்று விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த பொருள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஏழு கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், அதாவது இருபதுக்கும் மேற்பட்ட மாத்திரைகள். என்னைக் கேட்டால், தைலக் குப்பிகளிலேயே அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

வேப்பெண்ணெய் காய்ச்சி எடுப்பதில்லை, ஆட்டி எடுப்பது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். 1981இல் மலேசிய மருத்துவர்கள், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் பலர் வாந்தி, மயக்கம், வலிப்போடு வந்ததை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். கல்லீரலும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தன. சளி, பூச்சி, மாந்தம் என்று எதற்காகவும் குழந்தைக்கு அதைப் புகட்ட வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயாகவே இருந்தாலும் மூக்கில் விடக் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத நிமோனியாவைக் கொண்டுவரும்.

பாச்சை உருண்டையும் சூடமும் வெள்ளையாக ஒன்றுபோல இருப்பதால் குழம்புகிறவர்கள் உண்டு. பாச்சை உருண்டையில் இருப்பது நாப்தலின், அது செடியிலிருந்து வருவதே இல்லை. சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைத் தரும். பிள்ளை துணி வைக்கும் பெட்டியில் அதைப் போடாதீர்கள்.

அந்த ஊட்டி பாட்டில்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் மருத்துவராக எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நோயைத் தீர்க்கும் என்று சொல்லி ஒரு தைலத்தை விற்றால், அது சித்த மருந்தாக இருந்தாலும் ஆயுர்வேதமாக இருந்தாலும், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருகிறது. தயாரிப்பவருக்கு உரிமம் வேண்டும். குப்பியில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, தயாரிப்பாளரின் முகவரி இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் ஒட்டியிருப்பது மரத்தின் படமும் "ஒரிஜினல்" என்ற சொல்லும் மட்டும் என்றால், அதற்குள் தைலம்தான் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்பதை யாரும் பொறுப்பேற்றுச் சொல்லவில்லை என்று பொருள். சூடம் பூஜைப் பொருளாக விற்கப்படுவதால் மருந்துக்கான எச்சரிக்கை எதுவும் அதன் மேல் வராது. டிஃப்யூசர் எண்ணெயை வாசனைப் பொருள் என்று சொல்லி விற்கிறார்கள். அதனால்தான் மருந்துக்கு இருக்கும் கட்டுப்பாடு அதன் அருகே வருவதில்லை. நம் நாட்டில் சரிசெய்ய வேண்டிய ஓட்டை இது என்று நான் நினைக்கிறேன். இந்த மரத்தின் சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் நீலகிரித் தைலம் நச்சுப் பொருள் பட்டியலில் இருக்கிறது, குழந்தை திறக்க முடியாத மூடி போட்டுத்தான் விற்க வேண்டும். அதைப்போல ஒரு மூடியாவது இங்கே வேண்டாமா?

புகார் கொடுக்க முடியுமா என்றால், முடியும். மாவட்டத்தில் இருக்கும் மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். "குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று உங்கள் டிஃப்யூசர் எண்ணெய்க்கு விளம்பரம் செய்திருந்தால் அதையும் அங்கே சொல்லலாம். மருந்தால் வந்த பக்க விளைவைத் தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. எண்ணெய் விவரத்தைச் சொன்னபின் உங்கள் மருத்துவரே அதற்கு எழுதினால் இன்னும் நல்லது.

ஆனால் நட்ட ஈடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைத்தால், கொஞ்சம் யோசியுங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஊர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம்தான். உங்களிடம் பில் இல்லை. கடைப் பெயர் நினைவில்லை. அந்தக் குப்பியால்தான் வலிப்பு என்று நிரூபிக்கவும் முடியாது, ஏனென்றால் அன்று சூடமும் டிஃப்யூசரும் இருந்தன. உங்கள் நிலையில் நானாக இருந்தால் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலைக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுவேன். அடுத்த குழந்தைக்காவது அது உதவும். அதுவரை பாட்டிலைக் கொட்டிவிடாமல் மூடி, உயரத்தில் வையுங்கள்.

இனிச் சளி பிடித்தால்

மூக்கில் விட சாதாரண உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும். மருந்துக் கடையில் கிடைக்கும். பால் கொடுப்பதற்கும் தூங்கவைப்பதற்கும் முன் இரண்டு மூக்கிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்நீர்க் காயத்தோடு வரும் குழந்தைகளை நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடாது. கற்பூரவல்லிக்கும் கற்பூரத்துக்கும் பெயர்தான் உறவு, உள்ளே இருப்பது வேறு. ஆனாலும் ஒரு வயதுக்குள் அந்தச் சாறும் தேவையில்லை. பிறகு ரசத்தில் ஓர் இலை போட்டுக் கொடுங்கள், தவறில்லை.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குப் பிறகு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அன்றே காட்டுங்கள்.

எண்ணெய் எதையாவது குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த எண்ணெய்கள் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். பாலும் கொடுக்க வேண்டாம், கொழுப்போடு சேர்ந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். வாயைத் துணியால் துடைத்து, உடம்பில் இருப்பதைச் சோப்புப் போட்டுக் கழுவி, குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள். கையில் சாவி கொடுப்பதோ, மூக்கருகே வெங்காயமோ தைலமோ காட்டுவதோ வேண்டாம். வலிப்பு வந்தவர் மூக்கில் தைலத்தைக் காட்டுவது, நான் மேலே சொன்னதையெல்லாம் படித்தபின், ஏன் கூடாது என்று உங்களுக்கே புரியும்.

உங்கள் அத்தை

அவர் குழந்தையைத் தூக்காமல் இருப்பதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி. உங்கள் கணவரையும் இப்படித்தான் வளர்த்திருப்பார். பிள்ளை மூச்சு முட்டி அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், தெரிந்ததைச் செய்தார். அந்த எண்ணெயில் சூடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் தேங்காய் எண்ணெய். அதை வெதுவெதுப்பாக்கி நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துவிடச் சொல்லுங்கள். பையனுக்கு அந்தக் கை பழக்கப்பட்டது, அது நின்றுபோக வேண்டியதில்லை. பூஜை அறைச் சூடத்தை மட்டும் கை எட்டாத தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதோடு உங்கள் டிஃப்யூசரையும் அணைத்துவிட்டேன் என்று அவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் மனதில் உள்ள பாரம் பாதி அதிலேயே இறங்கும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை கட்டி போட்டார், எவ்வளவு எண்ணெய், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்குத்தான் சரியாகத் தெரியும். அந்த மருத்துவருக்கு இப்போது தேவைப்படுவதும் அந்த விவரம்தான்.